வெயிலில் ஐம்பத்திரண்டு நிமிடம்

அந்தப் பீரங்கிச் சோதனைத் திடலில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தும் ஒரு குண்டைக்கூடக் கையால் தொடாதவள் அவள் ஒருத்திதான். தோட்டவேலைக்காரர்கூட ஒருமுறை வழியில் கிடந்த வெற்று உறையைத் தூக்கி ஓரமாக வைத்திருக்கிறார். அவளுக்கு அந்தப் பாக்கியமும் வாய்க்கவில்லை. நீளமான ஒரு பதிவேடு, மரத்தில் ஒரு அடிக்கோல், சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனா, கத்திக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. அவளுடைய படைக்கலம் அவ்வளவுதான்.

அவளை எல்லோரும் ‘எத்தனைமணியக்கா’ என்று கூப்பிட்டார்கள். காரணம் இருக்கிறது. யார் வந்து எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு?” அலுவலகப் பணியாளர் ஒருவர் தனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. “பெத்த அப்பனுக்கே தெரியலையா? போய்க் கேட்டுட்டு வாங்க” என்று அந்த மனிதரை ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

அவள் வேலையை உறவுக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பட்டாளத்துக்குப் போகிற குண்டு ஒழுங்காக வெடிக்கிறதா என்று சோதிக்கிறவர்கள் திடலில் இருக்கிறார்கள். அந்தச் சோதனைகள் ஒழுங்காக நடக்கின்றனவா, குறித்த நாளில் முடிகின்றனவா, எத்தனை வீணாயின என்று அளப்பவள் அவள். வருடத்துக்கு ஒரு அறிக்கை எழுதுவாள். அதை வைத்துத்தான் நாட்டில் எந்தத் திடல் முதல், எந்தத் திடல் கடைசி என்று மேலிடம் முடிவு செய்யும். “அதாவது, பரீட்சை எழுதுற பையனுக்கு இல்ல, பரீட்சை வைக்கிற வாத்தியாருக்கு மார்க் போடுற வேலை” என்று அவள் கணவர் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். அவர் பஸ் டிரைவர். எதையும் நீட்டி முழக்கப் பொறுமை கிடையாது.

தொடர்ந்து மூன்று வருடம் அவர்கள் திடல்தான் முதலிடம். இயக்குநர் அறையின் கண்ணாடி அலமாரியில் வெள்ளி நிறக் கேடயம் உட்கார்ந்திருந்தது. அதைத் துடைக்க ஒரு தனித் துணி உண்டு, வேறு எதற்கும் அந்தத் துணியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. நான்காவது வருடமும் கேடயம் எங்கும் போகாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவளுக்கும்தான். புதுப் பீரங்கிக் குண்டு ஒன்றின் சோதனை முடிந்திருந்தது. அதில் கடினமானது குளிர்ச் சோதனை. குண்டை மைனஸ் முப்பது டிகிரி குளிர் அறையில் இரண்டு நாள் கிடத்தி, வெளியே எடுத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சுட வேண்டும். நாளைக்கு ஐந்து வீதம் எட்டு நாள், நாற்பது குண்டு. நாற்பதும் வெடித்தன. வெள்ளிக்கிழமை அவள் அறிக்கையோடு சேர்த்து ஒப்புதல் கடிதத்திலும் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை தம்பி போன் செய்தான். அவளுக்கு ஒரே தம்பி, பீரங்கிப் படையில் இருப்பவன்.

“அக்கா, என்னைப் பனிமலைக்கு மாத்திட்டாங்க. மேல, ரொம்ப மேல.”

“எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

“எந்த மாசம்னு கேளுக்கா முதல்ல! அடுத்த மாசம். ஒரு விஷயம் தெரியுமா? உங்க திடல்ல சோதிச்ச புதுக் குண்டுதான் எங்களுக்கு வருதாம். பசங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், எங்க அக்கா பார்த்து அனுப்புற சரக்கு, கண்ணை மூடிட்டுப் போடலாம்னு.”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் கணவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது அவர் கையமர்த்திவிட்டு, தன் டிப்போவுக்கும் பரிசு கிடைத்த கதையை ஆரம்பித்தார். நேரம் தவறாத டிப்போ என்று பரிசாம்.

“உங்க பஸ்ஸா? நேரம் தவறாதா? நான் நாப்பது நிமிஷம் நின்னிருக்கேனே!”

“நீ ஸ்டாப்ல நின்ன. அதை யார் எண்ணினா?” அவர் சிரித்தார். “கிளம்புற நேரமும் போய்ச் சேர்ற நேரமும்தான் எண்ணுவாங்க. நேரமாச்சுன்னா ரெண்டு ஸ்டாப்ல நிறுத்தாம போயிடுவோம். பஸ் நேரத்துக்குப் போயிடும். ஆளுங்கதான் ஸ்டாப்லயே நிப்பாங்க.”

அவளும் சிரித்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தன் பதிவேட்டின் கட்டங்கள் கண்முன் வந்தன. சுடுவதற்கு முன் சிவப்புக் கொடி ஏறும். கொடி ஏறிய நேரம் ஒரு கட்டம், குண்டு சுட்ட நேரம் ஒரு கட்டம், முடிவு எழுதிய நேரம் ஒரு கட்டம். கொடி ஏறுவதற்கு முன்னால்? அங்கே கட்டமே இல்லை. குண்டு எத்தனை மணிக்குக் குளிர் அறையை விட்டு வெளியே வந்தது? ஊரில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் நேரம் கேட்கிறவள் அதை மட்டும் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் குளிர் அறைக்குப் போனாள். அந்த அறையின் பொறுப்பாளரைத் திடலில் ‘ஸ்வெட்டர்’ என்றுதான் சொல்வார்கள். பாதி நாள் குளிர் அறைக்கு உள்ளேயும் பாதி நாள் வெளியேயும் இருப்பவர், கொளுத்தும் வெயிலிலும் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையைக் கழற்றமாட்டார். பெயருக்குக்கூட யாரையும் கடிந்து பேசாத மனிதர். கதவைத் திறந்து மூடும் நேரத்தையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டை அதுவரை யாரும் கேட்டதில்லை. தூசி தட்டிக் கொடுத்தார்.

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் நோட்டையும் தன் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் நாள், குண்டு வெளியே வந்தது பத்து இருபத்தைந்து. கொடி ஏறியது பதினொன்று பத்து. முதல் குண்டு சுட்டது பதினொன்று பதினேழு. ஐம்பத்திரண்டு நிமிடம். அடுத்த குண்டுகள் அதற்கும் மேல். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாளும். நாற்பது குண்டில் ஒன்றே ஒன்றுகூடப் பதினைந்து நிமிடத்துக்குள் சுடப்படவில்லை. 

“பத்தரைக்கு டீ மணி அடிக்குமில்லம்மா” என்றார் ஸ்வெட்டர். “அதுக்கு முன்னாடியே அன்னிக்குத் தேவையான அஞ்சையும் வண்டியில எடுத்துட்டுப் போய்ப் பீரங்கிப் பக்கத்துல நிறுத்திடுவேன். எல்லாரும் டீ குடிச்சு, எடம் சரிபார்த்து, கொடி ஏத்துறப்ப குண்டு கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். என்னால தாமதம்னு பேச்சே வராது.”

“பதினைஞ்சு நிமிஷம்னு விதி இருக்கே அண்ணே.”

“இருக்கும்மா. கொடி ஏறினதுலேர்ந்துதானே? உங்க கட்டத்துல அங்கேர்ந்துதானே எண்ணுறீங்க. விதியும் அதுதான்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். “நாலு வருஷத்துக்கு முன்னாடி, தாமதத்துல பாதிக்கு மேல குளிர் அறையாலதான்னு நீங்க எழுதினீங்கம்மா. இயக்குநர் ஐயா கூப்பிட்டு வெச்சு எல்லார் முன்னாடியும் கேட்டார். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் தாமதம் பண்ணினதில்ல.”

குறை சொல்லும் குரலே இல்லை. உண்மையில் ஒரு பெருமைகூட இருந்தது. அதுதான் அவளைக் கொன்றுபோட்டது. அந்த வரி அவள் எழுதியதுதான், சிவப்பு மையில். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த வரிக்குப் பயந்து ஒரு நல்ல மனிதர் ஐந்து ஐந்து குண்டாக வெயிலில் காயவைத்திருக்கிறார், அதற்கு அவளே மூன்று வருடமாக நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருக்கிறாள். குளிர்ச் சோதனை என்ற பெயரில் அங்கே குளிரை யாரும் சோதிக்கவே இல்லை. அதை நம்பித் தம்பி கண்ணை மூடிக்கொண்டு பனிமலை ஏறப்போகிறான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கேடயம் இருக்கும், ஸ்வெட்டரின் வேலை இருக்கும், அவள் மானமும் இருக்கும். தம்பி இருப்பானா என்பதுதான் தெரியாது. பூனைக்கு மணி கட்ட ஆள் தேடும் வேலையே இல்லை. வளர்த்தவளே கட்ட வேண்டிய பூனை.

திடலில் வெடிமருந்து இல்லாத மாதிரிக் குண்டு ஒன்று உண்டு. உள்ளே மணல், மூக்கில் ஒரு வெப்பமானி. குளிர் அறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது. “அண்ணே, அதை நாளைக்குப் பத்து இருபத்தஞ்சுக்கு எடுத்து இயக்குநர் அறைக்குத் தள்ளிட்டு வர முடியுமா?” என்று கேட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பத்து இருபத்தைந்துக்குத் தள்ளுவண்டி கிளம்பியது. மேலெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்து, குளிரில் புகைவிட்டுக்கொண்டு குண்டு இயக்குநர் அறைக்குள் வந்து ஜன்னல் வெயிலில் நின்றது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “என்ன இது? என் அறையைச் சுடப்போறீங்களா?”

“கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார். அதுக்குள்ள அறிக்கையைப் பத்திப் பேசிடறேன்.”

இருபத்தாறு வருடத்தில் அவள் அந்த அறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. அன்றைக்கு உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள். இரண்டு பதிவேட்டையும் விரித்தாள். ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு குண்டாக, நிமிடம் பிசகாமல் வாசித்தாள். இயக்குநர் கெட்டவர் இல்லை. ஆனால் கேடயத்தைப் பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்கிறவர். முதலில் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது.

“நாப்பதுக்கு நாப்பது வெடிச்சிருக்கு. அப்புறம் என்னம்மா உங்களுக்கு?”

“வெயில்ல வெடிக்குமானு கேட்டா நாப்பதுக்கு நாப்பது சார். பனியில வெடிக்குமானு கேட்டா, நமக்கு ஒண்ணும் தெரியாது. பூஜ்யம்கூட இல்ல. தெரியாது.”

“அது கனமான இரும்பு. ஒரு டீ குடிக்கிற நேரத்துல என்ன சூடாகிடும்? உள்ள குளிர் அப்படியேதான் இருக்கும்.”

“இருக்கலாம் சார்” என்றாள் அவள், மிகவும் பணிவாக. மறுபடி ஆறாம் நாள் கணக்கை முதலிலிருந்து வாசித்தாள்.

டீ வந்தது. கொண்டுவந்தவர் வண்டிக்கடியில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டி வந்து வைத்துவிட்டுப் போனார். அவள் தன் டீயை ஆற அமரக் குடித்தாள். இயக்குநர் மேஜையைத் தட்டினார். “எல்லாத்துக்கும் அந்தக் குளிர் அறை ஆள்தான் காரணம். இன்னிக்கே அவர்மேல நடவடிக்கை எடுக்கிறேன்.”

அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. “அவர்மேல எழுதறதா இருந்தா என் பேரை முதல்ல எழுதுங்க சார். கொடியிலேர்ந்து எண்ணச் சொன்னது என் கட்டம். அவரைப் பயமுறுத்தினது என் அறிக்கை. நான் எதை அளந்தேனோ அதைத்தான் எல்லாரும் ஒழுங்கா செஞ்சாங்க. அளக்காம விட்டதை யாரும் செய்யல. தப்பு என்னோடது.”

 வாசலுக்கு வெளியே நின்ற ஸ்வெட்டர் தலையைக் குனிந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பதினேழு.

“சார், இப்ப அந்தக் குண்டைத் தொட்டுப் பாருங்க” என்றாள்.

அவர் எழுந்து போனார். பூத்திருந்த வெள்ளையெல்லாம் போய்க் குண்டு குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. ஒரு விரல் வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். குனிந்து மூக்கிலிருந்த வெப்பமானியைப் படித்தார். பத்தொன்பது டிகிரி. மைனஸ் இல்லை.

“ஐம்பத்திரண்டு நிமிஷம் சார். உங்க முன்னாடியேதான் இருந்துச்சு.”

இயக்குநர் நாற்காலிக்குத் திரும்பிவந்தார். கண்ணாடி அலமாரியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் கையெழுத்துக்கு வைத்திருந்த ஒப்புதல் கடிதத்தை எடுத்தார்.  மனிதர் அதன் குறுக்கே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். “திங்கள்கிழமை இருபது குண்டு. ஒவ்வொண்ணா எடுத்து ஒவ்வொண்ணா சுடணும். நேரத்தை நீங்களே வந்து எழுதுங்க. என் காதுல பழைய கட்டம்னு ஒரு வார்த்தை விழக்கூடாது.” வெளியே வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்வெட்டர் கையில் துணியோடு நின்றார், தண்ணீரைத் துடைக்க.

திங்கள்கிழமை முதல்முறையாக அவள் சுடும் மேடைக்குப் பின்னாலிருந்த தடித்த சுவர் மறைவில், பெரிய காதடைப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் குண்டை வண்டியில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார், அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டம். எடுத்துப் பதினோராவது நிமிடம் முதல் குண்டு போனது. தூரத்தில் மண் எழும்பி வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது.  எல்லாம் வெடித்துவிட்டால்? இயக்குநரின் கேடயத்தைப் பறித்து, ஊரைக் கூட்டி, கடைசியில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? மறுநிமிடம் தன்னையே திட்டிக்கொண்டாள். எல்லாம் வெடித்தால் தம்பிக்கு நல்லதுதானே, கழுதை!

மூன்றாவது குண்டு போனது. மணலில் பொத்தென்று ஒரு புழுதி, அவ்வளவுதான். எல்லோரும் காத்திருந்தார்கள். வெடிக்கவில்லை. ஐந்தாவது வெடிக்கவில்லை. எட்டாவதும் இல்லை.  இருபது முடிந்தபோது மணலில் ஏழு குண்டுகள் சத்தமில்லாமல் கிடந்தன.

“ஏழு” என்று எழுதினாள். அடிக்கோடு போட்டாள். கோடு கோணலாகிவிட்டது. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பனிமலையில் எதிரே ஆள் வரும் நேரத்தில் பொத்தென்று விழுந்திருக்க வேண்டிய ஏழு இது. இங்கே விழுந்துவிட்டது, யாருக்கும் வலிக்காத மணலில்! தோற்றதைப் பார்த்துக் கும்மாளம் போடுகிற உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். அவள் காதடைப்பைக் கழற்றிவிட்டு, இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகத் திடலில் உரக்கக் கத்தினாள்: “பிடிச்சுட்டோம்!” இயக்குநர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் வெட்கத்தோடு அவரும் கை தட்டினார். அதற்குப் பிறகு குழுவே தட்டியது.

குண்டின் மூக்கிலிருந்த வெடிக்கருவிக்குள் பூசியிருந்த எண்ணெய் குளிரில் மெழுகாக இறுகிவிடுகிறது என்று ஒரு மாதத்தில் கண்டுபிடித்தார்கள். எண்ணெயை மாற்றினார்கள். நான்கு மாதம் கழித்து மறுபடி நாற்பது குண்டு, எல்லாம் பதினைந்து நிமிடத்துக்குள். நாற்பதும் வெடித்தன. அதுவரை பனிமலைக்குப் பழைய ரகக் குண்டுதான் போனது. அந்த வருடம் கேடயம் வேறொரு திடலுக்குப் போய்விட்டது. அலமாரியில் அது இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அறிக்கையில் அவள் சிவப்பு மையில் எழுதினாள்: ‘தவறு ஆட்களிடம் இல்லை, அளவையில் இருந்தது. அளவையை ஏற்படுத்தியவள் நான்.’ இயக்குநர் அதன் கீழே தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். ஸ்வெட்டர்மேல் யாரும் எதுவும் எழுதவில்லை. புதுப் பதிவேட்டின் முதல் கட்டம், குளிர் அறைக் கதவு திறந்த நேரம். டீ மணி பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குப் போனது. அதற்காகப் பீரங்கிக் குழு அவளை ஒரு மாதம் முணுமுணுத்துத் தீர்த்தது.

அதற்கடுத்த பனிக்காலத்தில் ஒருநாள் காலை தம்பி போன் செய்தான். காற்று இரைச்சலில் அவன் குரல் விட்டு விட்டு வந்தது.

“அக்கா! புதுக் குண்டு வந்துச்சு. ராத்திரி பூராவும் பனியிலதான் கெடந்துது. இப்ப பயிற்சிக்கு முப்பது போட்டோம்.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “சொல்லுடா.”

“முப்பதும்கா! முப்பதும்! மலையே எதிரொலிச்சுது. பசங்க உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.” லைன் அறுந்துவிட்டது.

அவள் பதிவேட்டை மூடக்கூட இல்லை. செருப்பைப் போட்டும் போடாமலும், கட்டடத்தை விட்டு இறங்கி, வெயில் முற்றத்தின் குறுக்கே ஓடினாள். குளிர் அறை வாசலில் ஸ்வெட்டர் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“அண்ணே! முப்பதுக்கு முப்பது! மலைமேல! பனியில கெடந்த குண்டு!”

அவர் எழுந்துவிட்டார். கண் கலங்கியது. கம்பளிச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் புதுப் பக்கம் புரட்டிப் பேனாவைத் திறந்தார்.

“எத்தனை மணிக்குப் போட்டாங்களாம்மா?”

அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அதைக் கேட்க மறந்துபோயிருந்தாள்.